மூன்றாம் முறை வாகனத் திருட்டும் கட்டாயச் சிறையும்: கனடாச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நீதிமன்றக் கடிதங்களை வாசித்துச் சொல்வதிலும், சட்டத்தரணிகளுடன் பேசும்போது மொழிபெயர்த்து உதவுவதிலும் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். ஒரே சட்டத்தைப் பற்றி இரண்டு தரப்பினர் என்னிடம் கேட்கிறார்கள். விடிய எழும்பிப் பார்க்கையில் வாசலில் நின்ற வாகனத்தைக் காணாதவர்கள் ஒரு தரப்பு. மகனோ மருமகனோ களவுபோன வாகனத்தோடு பிடிபட்ட செய்தி கேட்டு ஓடிவருபவர்கள் மறு தரப்பு. இரு தரப்பினரின் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்லேன். வழக்கு இருப்பவர்கள் குற்றவியல் சட்டத்தரணி ஒருவரையும், கனடியக் குடியுரிமை இல்லாதவர்களாயின் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாம் தரம் கார் களவெடுத்தால் கட்டாயம் மறியல் என்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. கனடாவின் குற்றவியல் சட்டக்கோவையின் 333.1ஆம் பிரிவு மோட்டார் வாகனத் திருட்டைத் தனிக் குற்றமாக வரையறுக்கிறது. எஸ்-9 என்ற சட்டமூலத்தின் வழியாக வந்த இந்தப் பிரிவு 2010 நவம்பரில் ஒப்புதல் பெற்று, 2011 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை. மூன்றாம் முறையோ அதற்கு மேலோ இதே குற்றத்தைச் செய்தவர், சுருக்கமுறை என்ற இலகுவான நடைமுறையில் அல்லாமல் குற்றப்பகர்வு என்ற பாரமான நடைமுறையில் வழக்குத் தொடரப்பட்டிருந்தால், குறைந்தது 6 மாதம் சிறைத்தண்டனை பெற வேண்டும்.

இச்சட்டம் வருவதற்கு முன் வாகனத் திருட்டும் மற்றத் திருட்டுகளைப் போலவே பொருளின் பெறுமதியை வைத்துப் பிரிக்கப்பட்டது. 5,000 டொலருக்கு மேற்பட்ட பொருளாயின் அதிகபட்சம் 10 ஆண்டு, அதற்குக் குறைந்ததாயின் 2 ஆண்டு. இப்போது 2,000 டொலர் பெறுமதியான பழைய வாகனத்தை எடுத்தாலும் 10 ஆண்டு வரையான குற்றமே. இந்த மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆனால் பின்னால் வரும் குடிவரவுக் கேள்விக்கு இதுவே அடிப்படை.

அப்போ முதல் தரம், இரண்டாம் தரம் பிடிபட்டால் சும்மா விட்டுவிடுவார்களா?

சும்மா விடுவதில்லை. முதல் இரண்டு முறைகளுக்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை என்பதே வேறுபாடு. குற்றம் செய்தவரின் வயது, முந்தைய பதிவு, வாகனம் சேதமடைந்ததா, திட்டமிட்ட கும்பலின் பகுதியாகச் செய்யப்பட்டதா என்பவற்றைப் பார்த்து, விடுவிப்பு, நன்னடத்தைக் கண்காணிப்பு, அபராதம், வீட்டுக்காவல், சிறை ஆகியவற்றில் எதையும் நீதிபதி தெரிவுசெய்யலாம். வாகனத் திருட்டு குற்றப்பகர்வு நடைமுறையில் வந்தால் வீட்டுக்காவல் வழங்கக்கூடாது என்று 2012இல் கொண்டுவரப்பட்ட தடை 2022 நவம்பரில் சி-5 சட்டத்தால் நீக்கப்பட்டது. சிலர் சி-5 இந்த 6 மாதக் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அது நீக்கப்படவில்லை.

விடுவிப்பு என்பது குற்றம் நிரூபணமான பின்னும் நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பைப் பதியாமல், நிபந்தனையோடோ நிபந்தனையின்றியோ ஒருவரை அனுப்பிவிடுவது. சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. ஆகவே பின்னாளில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணும்போது அது எண்ணப்படாது. முதல் வழக்கில் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விடுவிப்புக்கு வாய்ப்பு உண்டா என்பதே.

ஆறு மாதம் என்றால் ஆறு மாதமும் உள்ளே இருக்க வேண்டுமா? சனி ஞாயிறு மட்டும் போய் வர ஏலாதா?

வார இறுதிகளில் மட்டும் சிறை செல்லும் தண்டனையை 90 நாள்களுக்கு மேற்படாத தண்டனைக்கே வழங்க முடியும். 6 மாதத்துக்கு வழங்க முடியாது. கட்டாயக் குறைந்தபட்சம் பொருந்தும் இடத்தில் வீட்டுக்காவலும் கிடையாது. எனினும் 2 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைகள் மாகாணச் சிறையில் கழிக்கப்படுகின்றன. அங்கே ஒழுங்காக நடந்துகொள்பவர் மூன்றில் ஒரு பங்கு காலக் கழிவைச் சம்பாதிக்கலாம் என்பதால் 6 மாதம் ஏறத்தாழ 4 மாதமாகும்.

தீர்ப்புக்கு முன் விளக்கமறியலில் கழித்த நாள்களும் கணக்கில் வரும். கட்டாயக் குறைந்தபட்சம் உள்ள குற்றத்துக்கும் இந்தக் கழிவைக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2000இல் வூஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு நாளுக்கு ஒன்றரை நாள் வரை கழிக்கலாம் என்பது இன்றைய சட்டம். ஆகவே பிணை கிடைக்காமல் 4 மாதம் விளக்கமறியலில் இருந்தவர், தீர்ப்பு நாளிலேயே 6 மாதத்தையும் கழித்தவராக வெளியே வரக்கூடும். இதைக் கண்டு "நீதிபதி விட்டுவிட்டார்" என்று கோபப்படும் வாகன உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் தன் தண்டனையை ஏற்கனவே உள்ளே கழித்திருக்கிறார்.

ஒரே இரவில் மூன்று வாகனத்தை எடுத்திருக்கிறான். இதோடு மூன்று தரம் ஆகிவிட்டதா?

ஆகாது. முதற் குற்றத்துக்குத் தீர்ப்பு வழங்கப்பட்ட பின் செய்த குற்றமே இரண்டாவது. இரண்டாவதற்குத் தீர்ப்பு வழங்கப்பட்ட பின் செய்ததே மூன்றாவது. ஒருவரை எச்சரித்த பிறகும் அவர் திருந்தாவிட்டால்தான் கூடிய தண்டனை என்ற பழைய பொதுச்சட்ட விதி இது. கனடா உச்ச நீதிமன்றம் 1982இல் ஸ்கோல்னிக் வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. ஒரே நாளில் ஒரே நீதிமன்றத்தில் ஐந்து வாகனங்களுக்குத் தீர்ப்புப் பெற்றவரும் இந்தப் பிரிவைப் பொறுத்தவரை முதல் முறைக் குற்றவாளியே.

இதனால் அவருக்குத் தண்டனை குறையும் என்று பொருளில்லை. ஐந்து வாகனம் என்பது நீதிபதியின் மனத்தில் பாரமாகவே நிற்கும். 10 ஆண்டு என்ற உச்சவரம்புக்குள் கடும் தண்டனையை அவர் வழங்கலாம். கட்டாயம் என்ற ஒன்று மட்டுமே அங்கே இல்லை.

மகன் பதினாறு வயதில் இரண்டு தரம் பிடிபட்டவன். இப்போது பத்தொன்பது. இது மூன்றாவதாக எண்ணப்படுமா?

எண்ணப்படாது. 12 முதல் 17 வயது வரையானோரின் வழக்குகளை 2003 முதல் நடைமுறையிலுள்ள இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம் ஆள்கிறது. அச்சட்டத்தின் 82ஆம் பிரிவு, இளையோர் நீதிமன்றத்தின் குற்றத் தீர்மானம், முந்தைய தண்டனையின் காரணமாகக் கூடிய தண்டனை விதிக்கும் குற்றங்களுக்கு முந்தைய தண்டனைத் தீர்ப்பாகக் கொள்ளப்படாது என்று கூறுகிறது. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளும் இளையோர் தண்டனைகளுக்குப் பொருந்துவதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 14 வயதுக்கு மேற்பட்ட இளைஞர் பாரதூரமான குற்றத்தைச் செய்திருந்தால், அவருக்கு வளர்ந்தோர் தண்டனை வழங்குமாறு அரசதரப்பு கேட்கலாம். நீதிமன்றம் அதற்கு உடன்பட்டால் நிலை மாறும். சாதாரண வாகனத் திருட்டில் இது அரிது. ஆனால் பதின்மவயதினரைக் கூலிக்கு அமர்த்தி வாகனம் எடுக்க அனுப்பும் கும்பல்கள் இந்த இளகிய சட்டத்தைக் கணக்கிட்டே அவர்களைத் தெரிவுசெய்கின்றன. அதனால்தான், குற்றத்தில் இளையவரை ஈடுபடுத்துவதைத் தண்டனையைக் கூட்டும் காரணியாக 2024இல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

காரை எடுத்தது வேறு ஆள். என்ரை பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு போனவன், அவ்வளவுதான். அதுவும் களவோ?

இது மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. இதன் விடையில் பல வழக்குகளின் போக்கே தங்கியிருக்கிறது. திருட்டு வாகனத்தோடு தொடர்புள்ள குற்றங்கள் மூன்று நான்கு வகை. எடுத்தவர்மீது 333.1இன் கீழ் திருட்டுக் குற்றம் வரும். எடுக்கும்போது காவலுக்கு நின்றவரும், கருவியைக் கொடுத்து உதவியவரும், எடுத்தவரைப் போலவே அதே குற்றத்துக்கு ஆளாவர். பின்னர் அது களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டு வைத்திருந்தவர்மீது 354ஆம் பிரிவின் கீழ் குற்றத்தால் பெற்ற பொருளை வைத்திருந்த குற்றம் வரும். பெறுமதி 5,000 டொலருக்கு மேலாயின் அதன் அதிகபட்சமும் 10 ஆண்டே. உரிமையாளரின் அனுமதியின்றி ஓட்டிப் பார்த்துவிட்டு விடுவதற்காக எடுப்பது 335ஆம் பிரிவின் கீழ் வரும் சிறிய குற்றம். அது சுருக்கமுறையில் மட்டுமே விசாரிக்கப்படும்.

இவற்றுள் 333.1இன் கீழான தீர்ப்புகள் மட்டுமே மூன்றாம் முறைக் கணக்கில் சேரும். பொலிஸார் பெரும்பாலும் வாகனத்தை எடுக்கும் நேரத்தில் பிடிப்பதில்லை. மறுநாளோ மறுவாரமோ ஓட்டும்போதுதான் பிடிக்கிறார்கள். எடுத்தவர் இவரே என்று நிரூபிப்பது கடினம் என்பதால் வைத்திருந்த குற்றமே பதியப்படுகிறது. அந்தக் குற்றத்தில் ஆறு முறை தண்டிக்கப்பட்டவருக்கும் 6 மாதக் கட்டாயம் பொருந்தாது. 2011 ஏப்ரலுக்கு முன் பழைய பிரிவின் கீழ் பெற்ற தீர்ப்புகளும் அவ்வாறே வெளியே நிற்கின்றன.

இப்படி எல்லாம் கழித்தால் கட்டாயத் தண்டனை யாருக்குத்தான் கிடைக்கிறது? யார் தீர்மானிக்கிறது?

தீர்மானிப்பவர் அரச வழக்குத்தொடுநர். இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதையே சொல்வேன். 333.1ஆம் பிரிவு இருவழிக் குற்றம். வழக்கைக் குற்றப்பகர்வு நடைமுறையில் கொண்டுசெல்வதா சுருக்கமுறையில் கொண்டுசெல்வதா என்பதை அரசதரப்பே தெரிவுசெய்கிறது. மூன்றாவது குற்றமாக இருந்தாலும் சுருக்கமுறையைத் தெரிவுசெய்தால் 6 மாதக் குறைந்தபட்சம் பொருந்தாது. முந்தைய இரண்டு தீர்ப்புகள் எந்த நடைமுறையில் வந்திருந்தாலும் எண்ணப்படும்; இன்றைய வழக்கின் நடைமுறையே கட்டாயத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது கதவும் அரசதரப்பின் கையில் உள்ளது. முந்தைய தண்டனைகளைக் காட்டிக் கூடிய தண்டனை கேட்கப்போவதாக, குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கோ மறுப்பதற்கோ முன்பே அவருக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்று 727ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அறிவித்தலை நீதிமன்றத்துக்கு நிரூபிக்காவிட்டால் கூடிய தண்டனை இல்லை. அறிவித்தல் கொடுப்பதா இல்லையா என்பது வழக்குத்தொடுநரின் தற்றுணிபுக்குரியது என்றும், முறைகேடான நடத்தை இருந்தாலன்றி நீதிமன்றங்கள் அதில் தலையிடா என்றும் 2014இல் ஆண்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது மதுபோதையில் வாகனம் ஓட்டிய வழக்கு. கொள்கை இங்கும் அதுவே.

கட்டாயத் தண்டனை நீதிபதியின் தற்றுணிபை அகற்றுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். என் பார்வையில் அது தற்றுணிபை அகற்றவில்லை, இடம் மாற்றுகிறது. திறந்த மன்றில் காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்லும் ஒருவரிடமிருந்து, தன் தெரிவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத ஒருவரிடம் அது போய்ச் சேர்கிறது. ஆகவே மூன்றாவது வழக்கில் நிற்பவரின் சட்டத்தரணி வாதாட வேண்டிய முதல் இடம் நீதிமன்றம் அன்று, வழக்குத்தொடுநரின் அலுவலகமே.

நீதிபதி எங்கள் நிலைமையைப் பார்த்து ஆறு மாதத்துக்குக் கீழே கொடுக்க மாட்டாரா?

மேலே சொன்ன இரண்டு கதவுகளும் அடைபட்ட பிறகு, இரக்கத்தால் மட்டும் அவர் அதைச் செய்ய இயலாது. அரசியலமைப்பு வழியாகவே செய்ய முடியும். உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனத்தின் 12ஆம் பிரிவு கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனையைத் தடைசெய்கிறது. குற்றத்தின் தன்மைக்கு மிகையளவில் பொருந்தாத குறைந்தபட்சம் இந்தப் பிரிவை மீறுகிறது என்ற அடிப்படையில் 1987இல் ஸ்மித் வழக்கிலும், 2015இல் நூர் வழக்கிலும், 2016இல் லொயிட் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கட்டாயத் தண்டனைகளை நீக்கியிருக்கிறது.

லொயிட் வழக்கு நம் விடயத்துக்கு மிக அருகில் உள்ளது. முன்பு தண்டனை பெற்றவர் மீண்டும் போதைப்பொருள் விற்றால் 1 ஆண்டு கட்டாயம் என்ற விதி அங்கே ஆராயப்பட்டது. பெரிய வியாபாரியும், சிறிதளவை நண்பரோடு பகிர்ந்துகொண்ட அடிமையும் ஒரே வலையில் விழுகிறார்கள் என்பதால் அது செல்லாது என்றார்கள். 333.1ஐயும் அவ்வாறு வாதிடலாம். ஆனால் 6 மாதம் என்பது ஒப்பீட்டளவில் குறுகியது, மூன்றாம் முறை என்பதும் பாரமானது. அத்தகைய வாதம் நீண்ட காலமும் பெரும் செலவும் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு பீஆர் காட் மட்டும்தான். ஆறு மாதத் தண்டனைக்கு நாட்டைவிட்டு அனுப்புவார்களா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்தே பதில் சொல்கிறேன். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்புப் பெற்ற நிரந்தர வதிவாளர், பாரதூரமான குற்றத்தின் காரணமாக நாட்டில் இருக்கத் தகுதியற்றவராகலாம். உண்மையில் கிடைத்த தண்டனை நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமாக இருந்தாலும் அதிகபட்சமே அளவுகோல். மேலும், இருவழிக் குற்றத்தைச் சுருக்கமுறையில் விசாரித்திருந்தாலும் குடிவரவுச் சட்டம் அதைக் குற்றப்பகர்வுக் குற்றமாகவே கொள்கிறது. ஆகவே 333.1இன் கீழ் முதல் தீர்ப்பே, பழைய வாகனமாக இருந்தாலும், ஆபத்தானது.

அப்படித் தகுதியிழந்தவர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் சென்று, கனடாவில் வாழ்ந்த காலம், பிள்ளைகள், திருந்தி வாழும் சான்றுகள் ஆகியவற்றை முன்வைத்து இருக்க அனுமதி கேட்கலாம். ஆனால் கிடைத்த சிறைத்தண்டனை 6 மாதமோ அதற்கு மேலோ ஆனால் அந்த மேன்முறையீட்டு உரிமை இல்லை. 2013 வரை இந்த எல்லை 2 ஆண்டாக இருந்தது. 6 மாதம் என்ற எண்ணும் 333.1இன் குறைந்தபட்சமும் சரியாக ஒரே கோட்டில் நிற்பதைக் கவனியுங்கள். கட்டாயத் தண்டனை பெற்ற நிரந்தர வதிவாளர் எவரும் அந்தக் கோட்டைத் தாண்டியவரே. விளக்கமறியலில் கழித்து ஈடுசெய்யப்பட்ட காலமும் பொதுவாகத் தண்டனையின் பகுதியாகவே எண்ணப்படுகிறது.

குடிவரவு விளைவைக் கருத்தில் கொண்டு நீதிபதி தண்டனையைச் சற்றுக் குறைக்கலாம் என்று 2013இல் பாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் பயனாக 6 மாதத்துக்கு ஒரு நாள் குறைவான தண்டனைகளைக் கேட்டு வாதிடுகிறார்கள். கட்டாயக் குறைந்தபட்சம் பொருந்தும் இடத்தில் அந்த ஒரு நாளைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. நான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு வருவது ஒரு குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய துன்பம். இருபது ஆண்டு வாழ்ந்த நாட்டைவிட்டு அனுப்பப்படுவது அப்படியல்ல. இச்சட்டத்தின் உண்மையான கனம் நம்மவர்களுக்கு இங்கேதான் இருக்கிறது.

"ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னார்கள். ஒப்புக்கொள்ளட்டா?

முந்தைய விடையை உங்கள் சட்டத்தரணியிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். 333.1இன் கீழ் ஒப்புக்கொள்வதும், 335இன் கீழ் அனுமதியின்றி எடுத்ததை ஒப்புக்கொள்வதும் அன்றைய நாளில் ஒரே மாதிரித் தோன்றும். இரண்டிலும் மாலை வீடு திரும்பலாம். முதலாவது மூன்றில் ஒன்றாக எண்ணப்படும், குடிவரவிலும் பாரதூரமான குற்றம். இரண்டாவது அந்த எண்ணிக்கையில் சேராது. சுருக்கமுறைக் குற்றம் மட்டுமே என்பதால் நிரந்தர வதிவாளரின் தகுதியையும் தானாகப் பாதிக்காது. விடுவிப்புக் கிடைத்தாலும் தண்டனைத் தீர்ப்பு இல்லை. எந்தப் பிரிவில், எந்த முடிவோடு என்பதைப் பேரம் பேசுவது முறைகேடன்று. அது சட்டத்தரணியின் வேலை.

விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டதாகப் பின்னர் சொல்லித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். 2018இல் வோங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடிவரவு விளைவு தெரிந்திருந்தால் வேறுவிதமாக முடிவெடுத்திருப்பேன் என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்றது. அவ்வழக்கில் அதை நிரூபிக்க முடியவில்லை.

துவக்கைக் காட்டிப் பறித்தாலும் இதே ஆறு மாதமா?

இல்லை. அது திருட்டன்று, கொள்ளை, அதிகபட்சம் ஆயுட்சிறை. தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட துப்பாக்கி பயன்பட்டிருந்தால் முதல் முறைக்கே 5 ஆண்டும், அடுத்த முறைகளுக்கு 7 ஆண்டும் கட்டாயம். 5 ஆண்டு விதியை 2023இல் ஹில்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாகும் என்று கூறியது. சாதாரணத் துப்பாக்கிக்கு இருந்த 4 ஆண்டுக் கட்டாயத்தை மட்டும் 2022இல் நீக்கினார்கள்.

2024இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள் என்று வானொலியில் கேட்டேன். என்ன மாறியது?

2024 ஜூனில் ஒப்புதல் பெற்ற வரவுசெலவுச் செயலாக்கச் சட்டம் சி-69 புதிய குற்றங்களைச் சேர்த்தது. வன்முறையோடு, அல்லது குற்றக் கும்பலின் நன்மைக்காகச் செய்யப்படும் வாகனத் திருட்டுக்கு அதிகபட்சம் 14 ஆண்டு. வாகனத் திருட்டுக்கான மின்னணுக் கருவிகளை அந்த நோக்கத்துடன் வைத்திருப்பதும் விநியோகிப்பதும் 10 ஆண்டு வரையான குற்றம். இளையோரை ஈடுபடுத்துவது பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கவனிக்க வேண்டியது, இவை உச்சவரம்புகள். புதிய கட்டாயக் குறைந்தபட்சங்கள் அல்ல. ஆனால் 14 ஆண்டுக் குற்றத்துக்கு விடுவிப்பு வழங்க முடியாது என்பதால், இரண்டாம் விடையில் சொன்ன அந்தக் கதவு இங்கே அடைபடுகிறது.

மூன்று வருடம் கட்டாயம் என்று அரசியல்வாதிகள் சொன்னார்களே?

அது முன்மொழிவு. பழமைவாதக் கட்சித் தலைவர் பியர் பொலியேவ் 2024 பெப்ரவரியில், மூன்றாம் முறை வாகனத் திருட்டுக்கு 3 ஆண்டு கட்டாயம் என்று அறிவித்தார். 6 மாதத்தை 3 ஆண்டாக உயர்த்தக் கோரும் சி-379 என்ற தனிநபர் சட்டமூலமும் அக்கட்சி உறுப்பினரால் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவில்லை.

பிடித்த மறுநாளே வெளியே விட்டுவிடுகிறார்கள். பிறகு கட்டாயத் தண்டனை எதற்கு?

பிணை வேறு, தண்டனை வேறு. நியாயமான காரணமின்றிப் பிணை மறுக்கப்படாதிருப்பது சாசனத்தின் 11ஆம் பிரிவு தரும் உரிமை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி. கட்டாயத் தண்டனை விசாரணை முடிந்த பிறகே வருகிறது. வாகனத்தைப் பறிகொடுத்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்குரிய இடம் பிணைச் சட்டமே. 2025 ஒக்ரோபரில் மத்திய அரசு கொண்டுவந்த சி-14 சட்டமூலம், வன்முறையான வாகனத் திருட்டு வழக்குகளில், தன்னை ஏன் விடுவிக்க வேண்டும் என்று குற்றஞ்சாட்டப்பட்டவரே காட்டும்படி பொறுப்பை மாற்ற முன்மொழிந்தது.

ஒன்ராறியோவில் லைசென்ஸையும் பறிப்பார்களாமே?

ஆம். மாகாணம் 2024இல் நிறைவேற்றிய சட்டம், வன்முறை, ஆயுதம், பணலாப நோக்கம் போன்ற காரணிகளோடு கூடிய வாகனத் திருட்டில் தண்டிக்கப்பட்டவரின் ஓட்டுநர் உரிமத்தை முதல் முறை 10 ஆண்டும், இரண்டாம் முறை 15 ஆண்டும், மூன்றாம் முறை ஆயுள் முழுதும் இடைநிறுத்த வழிசெய்கிறது.

சரி, இந்தச் சட்டத்தால் களவு குறைந்ததா?

குறைந்ததற்கு இச்சட்டமே காரணம் என்று சொல்ல முடியாது. 2000களின் நடுப்பகுதியில் வின்னிபெக் நகரம் வாகனத் திருட்டில் கனடாவின் முதலிடத்தில் இருந்தது. அங்கே 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், அடிக்கடி திருடும் இளைஞர்களை நாள்தோறும் நேரில் கண்காணித்தார்கள்; எளிதில் திருடப்படும் வாகனங்களுக்கு இயந்திரப் பூட்டுக் கருவியைப் பொதுக் காப்புறுதி நிறுவனமே பொருத்தியது. 2007 செப்ரெம்பர் முதல் கனடாவில் புதிய வாகனங்கள் அனைத்திலும் அக்கருவி கட்டாயமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் வின்னிபெக்கில் திருட்டு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வீழ்ந்தது. இதன் பெரும்பகுதி 333.1 நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்தது.

பிறகு அதே சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே திருட்டு திரும்பவும் ஏறியது. வீட்டுக்குள் இருக்கும் ரிமோட் திறப்பின் சமிக்ஞையை வெளியிலிருந்து பெருக்கி வாகனத்தைத் திறக்கும் முறை பரவியது. எடுத்த வாகனங்கள் கொள்கலன்களில் ஏற்றப்பட்டு மொன்றியல் துறைமுகம் வழியாக ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 வாகனங்கள் திருடப்படுகின்றன என்று 2024 பெப்ரவரி 8 அன்று ஒட்டாவாவில் நடந்த தேசிய மாநாட்டை ஒட்டி அரசாங்கம் கூறியது. 2023இல் காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு 150 கோடி டொலர். ஒன்ராறியோ மாகாணப் பொலிஸாரும் எல்லைச் சேவைகள் முகவரகமும் சேர்ந்து மொன்றியல் துறைமுகத்தில் நடத்திய சோதனையில் 598 வாகனங்கள் மீட்கப்பட்டதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். கொள்கலன்களைத் திறந்து பார்க்கத் தொடங்கிய அந்த ஆண்டில் திருட்டு குறைந்தது. 6 மாதக் கட்டாயமோ 2011இல் இருந்தபடியே இருந்தது.

மேற்கு அவுஸ்திரேலியாவின் அனுபவமும் இதையே காட்டுகிறது. பேர்த் நகரில் திருட்டு வாகனங்களைப் பொலிஸார் துரத்தியபோது அப்பாவிகள் இறந்ததால் எழுந்த கொதிப்பில், 1992இல் அம்மாநிலம் திரும்பத் திரும்பக் குற்றம் செய்வோருக்கு 18 மாதக் கட்டாயச் சிறையையும் அதற்குமேல் வரையறையற்ற தடுப்பையும் விதித்தது. இளையோரும் அதற்குள் அகப்பட்டார்கள். ஈராண்டில் காலாவதியான அச்சட்டத்தை ஆராய்ந்த குற்றவியலாளர்கள், திருட்டு குறையத் தொடங்கியது சட்டத்துக்கு முன்பே என்று கண்டார்கள். நள்ளிரவில் வாசலில் நின்று கருவியை இயக்கும் பத்தொன்பது வயதுக்காரர் சட்டக்கோவையின் பிரிவை எண்ணிப் பார்ப்பதில்லை; அவரை அனுப்பியவர் அன்று அங்கே வருவதும் இல்லை.

என்ரை வாகனம் போனது போனதுதான். அவனுக்குத் தண்டனை கிடைத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

குறைந்தபட்சத் தண்டனை உங்களுக்கு எதையும் திருப்பித் தராது. ஆனால் தண்டனை விசாரணையில் உங்களுக்கு இடமுண்டு. இழப்பு உங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்பதைப் பாதிக்கப்பட்டோர் கூற்றாக எழுதிக் கொடுக்கலாம். இரவு வேலைக்குப் போக வழியின்றி வேலையை இழந்ததையும், மாற்றுத்திறனாளியான தாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் போனதையும் எழுதலாம். தமிழில் எழுதி மொழிபெயர்த்தும் கொடுக்கலாம்.

காப்புறுதி ஈடுசெய்யாத தொகைக்கு, 738ஆம் பிரிவின் கீழ் குற்றவாளி உங்களுக்குப் பணம் செலுத்த வேண்டும் என்ற கட்டளையைக் கேட்கலாம். காப்புறுதியில் நீங்கள் கட்டிய கழிவுத்தொகை, உள்ளே இருந்த கருவிகள், வாடகை வாகனச் செலவு ஆகியவற்றுக்கான பற்றுச்சீட்டுகளைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவிடம் சேர்ப்பித்துவிடுங்கள். தொகை உடனே கணக்கிடத்தக்கதாக இருந்தால்தான் நீதிபதி கட்டளையிட முடியும். கட்டளைப்படி பணம் வராவிட்டால் அதைக் குடியியல் நீதிமன்றத்தில் பதிந்து, அங்கே பெற்ற தீர்ப்பைப் போலவே அறவிடலாம்.